நனைந்த வண்டிகள்

மழை ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் பெய்து, மறுநாள் விடியும்போது தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது. ஐயம்பெருமாள் கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய்த் தன் ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரைத் தூக்கினார். வேலைக்கு விட்டிருந்த பைக்குகளை உருட்டிக்கொண்டுபோய் எங்காவது மேட்டில் நிறுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம். முதல் வண்டியை வெளியே எடுப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. அடுத்த வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தபோது இடுப்பளவு வந்துவிட்டது. அதற்குமேல் வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பேனர் பெட்டியைத் தலையில் வைத்து, மனைவி இசக்கியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிடத்தின் மாடிப்படி ஏறினார்.

மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் ஏறியிருந்தன. பேக்கரிக்காரர் மிதந்துபோகாமல் பிடித்துக்கொண்டுவந்த பன் பாக்கெட்டுகள்தான் எல்லோருக்கும் சாப்பாடு. கரண்டு போய்விட்டது, செல்போனில் டவர் இல்லை. கீழே வாழைமரங்கள் வேரோடும் தாரோடும் கடைத்தெருவில் மிதந்துபோயின. தண்ணீர் ஷட்டரின் மேல்விளிம்பைத் தொட்டு நின்றது.

"எல்லாம் ஊர்க்காரன் வண்டி. நம்மள நம்பி விட்டுட்டுப் போனது" என்று ஐயம்பெருமாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உசிரோட இருக்கோம்லா" என்றாள் இசக்கியம்மா. "வடிஞ்சப்புறம் வண்டியப் பாத்துக்கிடலாம். சும்மா கீழ எட்டிப் பாக்காதீங்க, தல சுத்தும்."

அடுத்த நாள் உச்சிவேளையில் தெருமுனையில் ஒரு பைபர் படகு திரும்பியது. முனையில் நின்ற இளைஞன் ஒவ்வொரு மாடியையும் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தான்.

"இங்கன ஐயம்பெருமாள்னு ஒரு மெக்கானிக்கு இருக்காவளா?"

ஐயம்பெருமாள் கைப்பிடிச் சுவரருகே போனார். படகின் பின்பக்கம் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை, நரைத்த தாடி, உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. ஆனால் ஒரு தோளை மட்டும் தூக்கிக்கொண்டு உட்காரும் அந்தத் தோரணை யாருக்கும் வராது. அவர் மேலே பார்த்தார், பார்த்துச் சிரித்தார்.

"ஏலே ஐயம், எறங்கி வாலே. மைனியையும் கூட்டிட்டு வா."

ஐந்தாறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பழைய கூட்டாளி தொம்மை, ஆலந்தலைக் கடற்கரையிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு, ரோடு அறுந்த இடத்தில் படகை இறக்கி, வெள்ளத்துக்குள் ஐயம்பெருமாளைத் தேடி வந்திருக்கிறார். ஐயம்பெருமாள் பக்கத்தில் நின்ற சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டார். "முதல்ல பிள்ளைகள ஏத்து" என்று மட்டும் சொன்னார்.

*

ஐயம்பெருமாளும் தொம்மையும் ஒருகாலத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஐயம்பெருமாளுக்குச் சொந்த ஊர் கொற்கை. தொம்மை ஆலந்தலைக்காரர். "ஓங்க ஊர்லயும் ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம்லா. ஓங்க ஆளுகளப் பாத்துப் பயந்து ஓடிப்போச்சு. எங்க ஊர்ல இன்னும் நிக்கி பாரு" என்பது தொம்மையின் நிரந்தரக் கேலி. சாயங்காலம் வேலை முடிந்ததும் இருவரும் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவார்கள். ஆற்றுமணலை அள்ளி முழங்கை வரை தேய்த்தாலும் கிரீஸ் கறை போகாது. கடலில் பிறந்து வளர்ந்த தொம்மை, ஆற்றை வாய்க்கால் என்பார். ஆனால் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் அவரை எழுப்பிக் கூட்டிப்போவது பெரும்பாடு. "உப்பு இல்லாத தண்ணி உடம்புல பட்டா தூக்கம் வருதுலே" என்பார்.

பிறகு இருவரும் சேர்ந்து ஏரலில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார்கள். கீற்றுக் கொட்டகை, இரண்டு ஸ்டூல், ஒரு பெட்டி ஸ்பேனர். அது ராஜ்தூத்தும் யெஸ்டியும் ஓடிய காலம். ஐயம்பெருமாளுக்குக் கை, தொம்மைக்குக் காது. இன்ஜினைப் பிரித்துப் போட்டு மறுபடி ஒரு வாஷர் மிச்சமில்லாமல் கோர்ப்பது ஐயம்பெருமாளின் வேலை. எதைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வது தொம்மையின் வேலை. பீடியைப் பற்றவைக்காமல் வாயில் கடித்தபடி ஐயம்பெருமாள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். தொம்மை கண்ணை மூடி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "வாறது தபால்காரரு. செயின் தொங்குது. போன வாரமே இறுக்கச் சொன்னேன், கேட்டாரா மனுசன்?" என்பார். வண்டி வந்து நிற்கும். தபால்காரர்தான். செயின்தான்.

அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் கடையில் வேலை பார்க்க இடம் இருக்காது. இருவரும் ஒரு பையில் பிளக்கும் கேபிளும் பஞ்சர் சாமானும் போட்டுக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை முகூர்த்த நாளன்று ஒரு மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக, நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தாலி கட்ட நேரமாகிவிட்டது. தொம்மை அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஐயம்பெருமாள் அவன் வண்டியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தொம்மை கிரீஸ் படிந்த சட்டையோடு முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளைத் தோழன் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஐயம்பெருமாளின் மகள் கலையரசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கதையைச் சொன்னால்தான் சோறு உண்பாள். தொம்மைதான் சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் செல்லாது.

அப்புறம் ஒரு ஆனி மாதம் கடலுக்குப் போன தொம்மையின் அண்ணன் திரும்பி வரவில்லை. அண்ணன் குடும்பத்தில் ஆண்துணை என்று இருந்தது ஜெனோ என்ற கைக்குழந்தை மட்டும்தான். தொம்மை மனைவி விக்டோரியாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். விசைப்படகில் இன்ஜின் டிரைவராகச் சேர்ந்தார். கொஞ்ச காலம் வாராவாரம் மீனோடு வந்துபோனார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு போனில் என்று ஆகி, பிறகு போனும் நின்றுபோனது. ஏன் நின்றது என்பது ஐயம்பெருமாளுக்கு நெஞ்சில் தைத்த முள். அதை அவர் இசக்கியம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

*

அன்று முழுக்கப் படகு ஓடியது. இசக்கியம்மாவையும் மற்றவர்களையும் மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஐயம்பெருமாள் திரும்பவும் படகில் ஏறிக்கொண்டார். எந்தச் சந்தில் சுற்றுச்சுவர் இருக்கிறது, எங்கே கிணறு, எங்கே கம்பிவேலி என்று தண்ணீருக்கு மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது; உள்ளூர்க்காரன் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, முனையில் நின்ற ஜெனோ கையை இடமும் வலமும் அசைப்பான். தொம்மை அவன் கையையே பார்த்து மோட்டாரைத் திருப்புவார். கடலில் இப்படித்தான் செய்வார்கள்போல என்று ஐயம்பெருமாள் நினைத்துக்கொண்டார். கைக்குழந்தையாகப் பார்த்த ஜெனோ இப்போது தோளும் மார்புமாக நின்று கிழவிகளைப் பூப்போலத் தூக்கி இறக்கினான்.

இடையில் ஒருமுறை ஐயம்பெருமாள், "நாங்க இங்கன மாட்டிக்கிட்டோம்னு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"ஆமாலே, லாரி கெடைக்கதுதான் கஷ்டமாப் போச்சு" என்றார் தொம்மை.

கேட்டது ஒன்று, பதில் ஒன்று. ஐயம்பெருமாளின் முகம் வாடியது. தேடி வந்து காப்பாற்றுகிற மனுஷன், முகம்கொடுத்து ஒரு பதில் சொன்னால் என்ன?

தண்ணீர் வடிந்த பிறகு கடையைப் பார்க்க ஐயம்பெருமாள் தனியாகத்தான் போனார். உள்ளே முழங்கால் அளவுக்குச் சேறு. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வாழைச்சருகும் செடிகொடியும் சுற்றிக்கிடந்தன. அலமாரி கவிழ்ந்து, உதிரிப் பாகங்கள் எல்லாம் சேற்றுக்குள் போயிருந்தன. அவர் படியில் உட்கார்ந்தார். டவர் வந்ததும் முதல் அழைப்பாகக் கோயம்புத்தூரிலிருந்து கலையரசி பேசினாள். அழுது முடித்து, "போதும்பா. கடையை விட்டுட்டு அம்மாவும் நீங்களும் இங்க வந்துருங்க" என்றாள். "பாக்கலாம்ளா" என்றார். உண்மையில் போய்விடலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. இத்தனை சேற்றை வாரி வெளியே கொட்டுவதற்கு உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் இல்லை.

தொம்மையும் ஜெனோவும் வந்தார்கள். ரோட்டைச் சரிசெய்யும்வரை லாரி வராது. லாரி வராமல் படகு போகாது. தொம்மை கடைக்குள் எட்டிப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மடித்துக்கொண்டு, ஒரு தகரத்தால் சேற்றை அள்ளி வெளியே வீசத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஐயம்பெருமாள் எழுந்து மண்வெட்டி தேடிப் போனார்.

மதியத்துக்குள் முதல் வண்டி வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கடைக்கு முன்னால் வரிசை. எல்லோரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். பால்காரர், வாத்தியார், மருந்துக்கடைப் பெண், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நடந்தே உருட்டிக்கொண்டு வந்த ஒருவர். எல்லா வண்டிக்கும் ஒரே நோய். ஆயில் திருகைக் கழற்றினால் பால் அதிகமான டீ நிறத்தில் கலங்கல் தண்ணீர் கொட்டியது. சைலன்சரைச் சாய்த்தால் ஆறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு வண்டியின் ஏர் பில்டருக்குள் உயிரோடு ஒரு கெண்டைக்குஞ்சு கிடந்தது. தொம்மை அதை உள்ளங்கையில் வைத்து, "இது எங்க ஊர் மீன் இல்ல. நீயே வச்சுக்க" என்று வாத்தியாரிடம் நீட்டினார்.

அந்தச் சிரிப்பில் பழைய நாள் திரும்பி வந்ததுபோல இருந்தது. கொட்டகைக்குப் பதில் கான்கிரீட் கூரை, ராஜ்தூத்துக்குப் பதில் சென்சார் வைத்த வண்டிகள். ஆனாலும் ஐயம்பெருமாள் கையை நீட்டினால் கேட்காமலே சரியான ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. பத்தாம் நம்பரா பன்னிரண்டா என்று தொம்மை கேட்பதே இல்லை. போல்ட்டைப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார். இசக்கியம்மா பள்ளிக்கூடத்திலிருந்து தூக்குச்சட்டியில் புளிச்சோறு கொண்டுவந்தாள். "அண்ணாச்சி, ஊறுகா இல்ல, எல்லாம் வெள்ளத்துல போச்சு" என்றாள். "மைனி புளிச்சோத்துக்கு ஊறுகா எதுக்கு?" என்றார் தொம்மை. மூன்று பேரும் கழுவாத கையால் சாப்பிட்டார்கள். கை கழுவுவதற்கு ஊரில் நல்ல தண்ணீர்தான் இல்லையே.

ஆனாலும் அந்த முள் நெஞ்சில் இருக்கத்தான் செய்தது. ஐயம்பெருமாள் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதாவது சொன்னால் தொம்மையிடமிருந்து பதில் வராது. சில நேரம் சம்பந்தமில்லாமல் ஒரு பதில் வரும். பாதி மனசோடு இருக்கிறான் என்று ஐயம்பெருமாள் எண்ணினார். நேரம் வந்தால் கேட்டுவிட வேண்டும் என்றும், வேண்டாம் வந்த இடத்தில் எதற்கு என்றும் மாறிமாறி யோசித்தார்.

*

முத்துமாலை என்கிற வாழையிலை வியாபாரி தன் வண்டியைக் கொண்டுவந்தபோதுதான் அது நடந்தது. அவர் வாழைத்தோட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருக்கிற வாழையையாவது அறுத்து விற்க வண்டி வேண்டும். அவசரத்தில் இருந்தார். வண்டியின் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தார் ஐயம்பெருமாள். பிளக் இல்லாமல் கிக்கரை உதைத்தால் இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் துவாரம் வழியாகப் பீறிட்டு வெளியேறும். ஆனால் அதற்கு முன்பு சாவியை அணைத்துவைக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டுத்தான் ஐயம்பெருமாள் உள்ளே பஞ்சு எடுக்கப் போனார். முத்துமாலை சாவியைப் போட்டபடியே ஓங்கி உதைத்தார்.

அந்த வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, தகரத் தட்டில் பெட்ரோல் ஊற்றி கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார் தொம்மை. வயர் முனையில் ஒரு பொறி. அவ்வளவுதான். கீழே சிந்தியிருந்த பெட்ரோல் நீலமாகப் பற்றிக்கொண்டது.

"தொம்ம, ஏந்திரி! தீ!" என்று கத்தினார் ஐயம்பெருமாள்.

தொம்மை அசையவில்லை. தட்டில் பிரஷை வைத்து நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முத்துமாலை கத்தினார். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். தீ தரையில் ஓடி அவர் சாரத்தின் ஓரத்தை நோக்கிப் போனது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஐயம்பெருமாள் பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்துப் பின்னால் சாய்த்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். தட்டில் இருந்த பெட்ரோலும் குப்பென்று எரிந்தது. ஜெனோ ஓடிவந்து, வாசலில் கிடந்த சேறு ஊறிய சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அமுக்கினான். தீ அடங்கியது. தொம்மையின் சாரத்தின் விளிம்பு மட்டும் கருகியிருந்தது. முத்துமாலை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணாச்சி, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று புலம்பினார்.

ஐயம்பெருமாள் சேற்றிலிருந்து எழுந்தார். பயம் கோபமாகத் திரும்பியது.

"தொண்ட கிழியக் கத்துதேன். நீ என்னன்னா ஆடாம அசையாம இருக்க. காது என்ன செவிடாலே?"

சொல்லி முடித்த பிறகுதான் ஜெனோவின் முகம் அவர் கண்ணில் பட்டது. அவன் தன் சித்தப்பாவைப் பார்த்தான். தொம்மை ஐயம்பெருமாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாலே" என்றார்.

*

வரிசையில் நின்றவர்களை ஜெனோ டீக்கடைப் பக்கம் அனுப்பிவிட்டான். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"ஒரு பக்கம் முழுசாப் போச்சு. இன்னொரு பக்கம் இடி இடிச்சா லேசாத் தெரியும்" என்றார் தொம்மை. "இன்ஜின் பக்கத்துலயே ராவும் பகலும் கெடந்தம்லா. மொதல்ல பூச்சி கத்துத மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் அதுவும் பைய அடங்கிப்போச்சு. மிஷின் வாங்கி மாட்டிப் பாத்தேன். உப்புக் காத்துல அது நிக்கல."

"எங்கிட்டப் பேசிட்டுத்தான இருக்க?"

"என்ன சொல்லுத? பீடியக் கடிச்சிட்டுப் பேசாத. வாயப் பாத்துத்தான் எனக்குப் பிடிபடும். நீ பேசுததுல பாதி பீடிக்குள்ள போயிருது."

ஐயம்பெருமாள் பீடியை எடுத்துத் தூர எறிந்தார். தொம்மைக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"கலையரசி கல்யாணத்துக்கு ஒனக்குப் போன் போட்டேன். அடுத்த மாசம் கல்யாணம், நேர்ல பத்திரிக வைக்க வாரேன்னு சொன்னேன். நீ, 'ஆமா ஆமா, காத்து சரியில்ல, கடலுக்குப் போவல'ன்னு சொல்லிட்டு வச்சிட்ட. மக கல்யாணம்னு சொல்லுதேன், காத்தப் பத்திப் பேசுதானேன்னு எனக்கு மனசு விட்டுப்போச்சு. அதான் வரல."

தொம்மை கருகிய சார விளிம்பை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"போன எடுத்தா வெறும் இரைச்சல்தான் கேக்கும்" என்றார். "கூப்பிடுதவன் ஒண்ணு காத்தப் பத்திக் கேப்பான், இல்ல மீனப் பத்திக் கேப்பான். அதனால நானா ஒரு பதிலச் சொல்லி வச்சிருவேன். விக்டோரியா சொல்லுவா, போன எங்கிட்டக் குடுங்க, யாரு என்னன்னு கேட்டுச் சொல்லுதேன்னு. குடுக்க மாட்டேன். வெக்கம்."

"எங்கிட்ட என்னலே வெக்கம்?"

"ஓங்கிட்டத்தாம்லே வெக்கம். வண்டி தெருமுக்குல திரும்பும்போதே இன்னாரு வண்டின்னு சொன்னவன் நான். அதே நான் வந்து ஓங்கிட்ட, காது கேக்கலன்னு சொல்லணுமா?" தொம்மை தாடியைத் தடவினார். "கல்யாணம் முடிஞ்சுபோச்சுன்னு குரும்பூர்ல ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். என் மடியில இருந்து சோறு தின்ன பிள்ள. எனக்கு ஒரு சொல்லு சொல்லலையேன்னு அன்னைக்கி வீட்டுக்கு வந்து விக்டோரியாட்டச் சண்ட போட்டேன். அவ பாவம், என்ன செஞ்சா?"

ஐயம்பெருமாள் கையால் தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருஷம்? ஆலந்தலைக்கு ஒரு பஸ் ஏறிப் போயிருந்தால் அரை நாளில் தீர்ந்திருக்கும். திருச்செந்தூருக்கு எத்தனையோ முறை போய்வந்திருக்கிறார். கடற்கரையில் நின்று தெற்கே தெரியும் ஆலந்தலைத் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"அப்பம் வெள்ளத்துல என்ன நம்பி வந்த?" என்று கேட்டார்.

"வெள்ளம் வந்தா போவாண்டாமா?" என்றார் தொம்மை, இதென்ன கேள்வி என்பதுபோல.

*

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஐயம்பெருமாள் தொம்மைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தொடையில் ஒரு தட்டு. தொம்மை நிமிர்ந்ததும் பேச்சு. பேச்சோ நிற்கவில்லை. ஜங்ஷன் ஒர்க்‌ஷாப்பில் மதியம் தூங்கும் முதலாளி, குறுக்குத்துறையில் தொம்மையின் சட்டையைக் கொண்டுபோன குரங்கு, தை அமாவாசைக் கூட்டத்தில் காணாமல்போன கலையரசியை இருவரும் தேடிப்போய்க் கடைசியில் கோயில் யானைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் ஞாபகம் வைத்திருந்தார். வண்டியை எடுக்க வந்த முத்துமாலை, கதை கேட்டுக்கொண்டே அரை மணிநேரம் நின்றுவிட்டார்.

ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் உள்ளே ஏதோ அடித்தது. தொம்மை உள்ளங்கையை இன்ஜின்மேல் வைத்தார். கண்ணை மூடினார். பழைய தொம்மை அப்படியே வந்து உட்கார்ந்ததுபோல ஐயம்பெருமாளுக்குத் தோன்றியது.

"பைய முறுக்கு" என்றார் தொம்மை. "இன்னும் கொஞ்சம். ம். கிளட்சுலே."

பிரித்துப் பார்த்தார்கள். கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது. சைலன்சரின் போல்ட் ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"கை காது ஆவாது" என்றார் தொம்மை. இருவரும் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் சாய்ந்தது. ஐயம்பெருமாள் கிளட்சைத் திரும்பக் கோர்த்தார்.

ரோடு சரியாகி லாரி வந்தபோது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆகியிருந்தது. கடைக்கு முன்னால் இன்னும் வண்டிகள் நின்றன. ஆனால் பாதிக்கு மேல் ஓடிப்போயிருந்தன. கோயம்புத்தூர்ப் பேச்சை ஐயம்பெருமாள் மறந்தே போயிருந்தார். கலையரசி மறுபடி கூப்பிட்டபோது, "இங்க எக்கச்சக்கமா சோலி கெடக்கு. பொறவு பாப்போம்ளா" என்று சொல்லிவிட்டார். "கிறிஸ்மஸுக்கு நீயும் மைனியும் வாங்க. இல்லன்னா விக்டோரியா என்ன வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றார் தொம்மை. இசக்கியம்மா லாரியின் முன்சீட்டில் ஜெனோவோடு ஏறிக்கொண்டாள். கட்டிக்கொள்ள ஒரு நல்ல சேலை வெள்ளத்தில் மிஞ்சவில்லையே என்று அவளுக்குக் குறை. "சித்தி வச்சிருக்காவ, வாங்க பெரியம்ம" என்றான் ஜெனோ.

ஐயம்பெருமாள் தன் பைக்கை எடுத்தார். தொம்மை பின்னால் உட்கார்ந்தார். இருபக்கமும் வாழைத்தோட்டங்கள் படுத்துக்கிடந்தன. சாய்ந்த மரங்களுக்கு நடுவே ஆட்கள் குனிந்து எதையோ நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. குரும்பூர் தாண்டியதும் ஐயம்பெருமாளுக்கு ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தார். பிறகு வண்டியை ஓரத்தில் நிறுத்தி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினார்.

"என்னலே, பஞ்சரா?" என்று தொம்மையும் இறங்கினார்.

ஐயம்பெருமாள் அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"கலையரசி மகனுக்கு மொட்ட போட்டுக் காது குத்தணும். திருச்செந்தூர்ல. தை மாசக் கடைசியில. தாய்மாமன் மடியில வச்சுல்லா மொட்ட எடுக்கணும். எனக்கு மகன் இல்ல. ஜெனோவ அனுப்புவியா?"

தொம்மை அவர் உதட்டைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஐயம்பெருமாள் இன்னொருமுறை, இன்னும் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

"கேட்டுச்சு கேட்டுச்சு" என்று தொம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன அனுப்புதது என்ன, குடும்பத்தோட வாரோம். சாமிக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுக்க."

"எங்க முருகனுக்கு என்ன? ஓங்க பக்கத்து வீட்டுக்காரருதான."

இருவரும் கொஞ்ச நேரம் அந்த ரோட்டோரத்திலேயே நின்றார்கள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது. படகு வானத்தைப் பார்த்தபடி அதன்மேல் ஆடிக்கொண்டு போனது.

தை மாதக் கடைசியில் ஐயம்பெருமாள் குடும்பம் திருச்செந்தூர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆலந்தலைக்காரர்கள் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். விக்டோரியா கையில் தாய்மாமன் சீர்த்தட்டு இருந்தது. யாரிடமோ விசாரித்து ஒன்றுவிடாமல் வாங்கி வைத்திருந்தாள். கலையரசி தொம்மையைப் பார்த்ததும் குழந்தையை இசக்கியம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனோ புது வேட்டியில் கூச்சத்தோடு மணையில் உட்கார்ந்தான். நாவிதர் தண்ணீரைத் தெளித்துக் கத்தியை வைத்ததும், பேரன் வீறிட்டு அழுது, கையைக் காலை உதைத்து, மாமனின் வேட்டியை நனைத்தான்.

தொம்மை குழந்தையின் திறந்த வாயைப் பார்த்தார். பிறகு ஐயம்பெருமாளின் தோளைத் தட்டினார்.

"ரொம்பச் சத்தமோ?"

ஐயம்பெருமாள் அவருக்கு நேரே திரும்பினார்.

"கோயில் மணியே கேக்கலலே" என்றார்.